யாருக்கும் சொந்தமில்லாத வீடு

அறுபதுகளின் கடைசியில் சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் தத்துவம் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்கார இளைஞர்கள் வீட்டைவிட்டு வெளியேறிக் கூட்டமாக வாழ்வதைப் பற்றிய புத்தகங்களைத் தேடிப் பிடித்து வந்து, எனக்கும் சொல்லுவார். அங்கே எதுவும் யாருக்கும் சொந்தமில்லையாம். கணவன் மனைவி என்ற பிடியும் கிடையாதாம். வேலையை முறை வைத்துச் செய்வார்களாம்.

ஒருநாள் இரண்டு நண்பர்களைப் படுக்கையோடு அழைத்து வந்துவிட்டார். "இனிமே இது பொது ஊடு. யாருக்கும் யாரும் எஜமான் இல்ல."

"அப்ப நான் யாரு?"

"நீயும் எங்கள மாதிரி ஒரு ஆளு."

சந்தோஷப்படுவதா பயப்படுவதா, தெரியவில்லை.

வியாழக்கிழமை ஆண்கள் சமையல். முதல் வாரம் நான் அடுப்படி வாசலைவிட்டு நகரவில்லை. புளியைக் கரைக்காமல் அப்படியே ரசத்தில் போட்டார்கள். "நீ எங்கனா வெளிய போயிட்டு வா" என்று கணவர் துரத்தினார். கோயிலுக்குப் போனேன், என்ன வேண்டிக்கொள்வதென்றே தோன்றவில்லை. பிறகு ரயில் நிலையம்வரை தனியாக நடக்கப் பழகினேன். அது பிடித்திருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பும்போது மட்டும் கால் மெதுவாகப் போகும்.

அப்படியொரு வியாழக்கிழமை கடலூரிலிருந்து என் அண்ணன் வந்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கணவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி எங்கன்னு கேட்டா தெரியாதுங்கறீங்களே மச்சான், நல்லா இருக்குதா இது?"

"எங்க போறேன்னு அவள நான் எதுக்குக் கேக்கணும்? அவ இஷ்டம்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கெளம்பு."

கணவர் தடுக்கவில்லை. "போறதும் இருக்கறதும் உன் இஷ்டம்" என்றார். என்னை மதிக்கிறாரா, கைவிடுகிறாரா? அண்ணன் பின்னால் போனேன்.

கடலூரில் அம்மா என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை; வாசல் தாண்டவும் விடவில்லை. சில வாரம் கழித்துக் கணவர் இளைத்துப்போய் வந்தார். பாத்திரம் தேய்ப்பதில் சண்டை வந்து நண்பர்கள் போய்விட்டார்களாம்.

"ஊட்டுக்கு வா."

"கூப்புடறீங்களா, இல்ல இதுவும் என் இஷ்டமா?"

"தெரியல. ஆனா வந்துடு."

போனேன். அண்ணன் பல வருஷம் அவரோடு பேசவில்லை. அந்தப் புத்தகங்களைப் பிறகு நானே கேட்டு, அவரைப் படித்துச் சொல்ல வைத்தேன். எல்லாம் நல்லதாகத்தான் இருந்தது. அந்த வெள்ளைக்காரர்கள் கூட்டத்தில் என்னைப் போல ஒருத்தி என்ன செய்துகொண்டிருப்பாள் என்றுதான் புரியவில்லை. அவரைக் கேட்டேன். பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.