சோலேர் என்றொரு கல்

கல்லறைத் திருநாள் மாலை. புதுச்சேரிக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பம் குடும்பமாகக் கற்களைக் கழுவி மாலை சாத்துகிறார்கள். சென்னையிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்த நான், 'சோலேர்' என்று பொறித்த ஒரு கல்லைத் தேடிப்பிடித்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். அப்பா விட்டுப்போனது இந்தக் குடும்பப் பெயர் ஒன்றுதான். ஸ்பெயினில் இந்தப் பெயரில் ஊர்கூட இருக்கிறதாம். எனக்கு இந்தப் பெயரில் ஓர் உறவு போதும்.

பக்கத்துக் கல்லைக் கழுவும் பெண் கேட்கிறார்: "உங்க சொந்தமா?"

"நானும் சோலேர்தான்."

"அந்தப் பேர்ல இங்க நாலு குடும்பம் இருக்குதுங்க. ஒருத்தருக்கொருத்தர் ஒறவே இல்ல. பிரெஞ்சுக்காரன் காலத்துல புதுசா குடும்பப் பேர் பதிஞ்சப்போ, அவங்கவங்க புடிச்சத வெச்சிக்கிட்டாங்க."

மெழுகுவர்த்தியை எடுக்கக் கை போகிறது.

"இருக்கட்டும் விடுங்க. இவரப் பாக்க யாருமே வர்றதில்ல."

எனக்கும் யாருமில்லை. மெழுகுவர்த்தி எரிந்து முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.