தபன்-தா ஸ்க்ரூடிரைவரைத் தொடாத நாள்

இல்லை, கஷ்டப்படவில்லை. தூக்கத்திலேயே... நேற்று அதிகாலை போய்விட்டார்.

தபன்-தா. கொல்கத்தா கரியாஹாட்டில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர். அண்ணன் என்பதுபோல எல்லோரும் 'தா' போட்டுத்தான் கூப்பிடுவோம். அவருக்கு நான் 'ஏ மாத்ராஜி', அதாவது மதராஸ்காரி.

பேசியதெல்லாம் பெங்காலி. நினைவில் ஏனோ தமிழில் கேட்கிறது.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். அதே கம்ப்யூட்டரில் அப்பாவுக்கு விண்டோஸ். எனக்கு லினக்ஸ், அதை நானே போட்டுக்கொண்டேன். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும் ஏற்பாடு.

"ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்," என்றார்.

நம்பினேன். தீசிஸை வேறெங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு காலை, திரையில் ஒரு கேள்வி. இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல இல்லை. முதலாவதில் கோளாறு. இரண்டாவதை அதன்மேல் எழுதட்டுமா? எஸ் அல்லது நோ.

தீசிஸ் கொடுக்க ஐந்து நாள் இருந்தது.

சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அன்று விஸ்வகர்மா பூஜை. நம் ஆயுத பூஜை போலத்தான், கருவிகளைத் தொடமாட்டார்கள். ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாம் சாமந்திப்பூவோடு சாமி முன்னால்...

"எஸ் அடிச்சா போதும். அரை மணி நேர வேலை. ஆனா நாளைக்கு."

"தபன்-தா, என் தீசிஸ்!"

"ஸ்க்ரூடிரைவருக்கு வருஷத்துல ஒரு நாள் லீவு வேண்டாமா?"

"நான் அடிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

அவர் என் சிபியுவுக்கும் சந்தனம் வைத்துவிட்டார்.

கோபம். அழுகை வேறு. ஒரு தட்டில் லுச்சியை, அவர்கள் ஊர் பூரியை, நீட்டினார். "சாப்பிடு. அப்புறம் திட்டு."

மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். அந்த நாளில் ஊரே பட்டம் விடும். நூலை இழுத்தபடி, பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"உன் லினக்ஸ்ல டிஸ்க் எத்தனைன்னு காட்டுது?"

"ரெண்டு."

"ரெண்டா? விண்டோஸ்ல ஒண்ணாத்தானே தெரியும்?"

"லினக்ஸ்ல ரெண்டு. நான் முதல் டிஸ்க்லதான் எழுதறேன்."

அவர் கை நின்றுவிட்டது.

பக்கத்து மாடியில் பட்டத்தை அறுத்த குஷியில் "போகாட்டா!" என்று கத்தினார்கள். அறுந்தது அவருடைய பட்டம். அவர் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு டிஸ்க்கும் ஜோடி என்பது லினக்ஸுக்குத் தெரியவே தெரியாது. கோளாறு என்று காட்டியது என் நான்கு மாத எழுத்தைத்தான்; அது முதல் டிஸ்க்கில் மட்டும். இரண்டாவதில் ஒரு வரிகூட இல்லை.

எஸ் அடித்திருந்தால்...

"நானும் அடிச்சிருப்பேன், மாத்ராஜி," என்றார். "டிஸ்க்கை மாட்டினவன் நான். அன்னைக்கே கேட்டிருக்கணும்."

மறுநாள் காலை முதலாவதிலிருந்து இரண்டாவதற்குக் காப்பி செய்தார். அதற்கு முன் இரண்டின் மேலும் மார்க்கரால் எண் எழுதினார், பெங்காலியில். தீசிஸ் கொடுத்த பிறகு லினக்ஸுக்கும் அந்த ஜோடியை அறிமுகப்படுத்தினார். மூன்று நாள் பிடித்தது. விடவில்லை.

தீசிஸில் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். ஒரு பக்கம் படித்தார். அடுத்த முறை போனபோது அது கடை மானிட்டருக்கு அடியில் இருந்தது.

"உன் படிப்பால என் கழுத்துவலி போச்சு!"

போய் வாருங்கள், தபன்-தா. காற்று நன்றாக இருக்கட்டும்.

என் இப்போதைய கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க் சில நாட்களாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இன்று காலை புதியது வாங்கி வந்தேன். இரண்டிலும் எண் எழுதிய பிறகு மாட்டினேன். காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.