பூ நிற்கும் அளவுக்கு முடி

நான் திருநங்கை. மேற்கு மாம்பலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஒருவன், "நீயெல்லாம் பொம்பளையா?" என்று என்னைக் கீழே தள்ளி, இடுப்புவரை வளர்த்திருந்த பின்னலைக் கழுத்தருகே கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டான். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். பக்கத்தில் பூ விற்கும் அக்கா மட்டும் ஓடி வந்தார். கிடந்த பின்னலைப் பூ கட்டும் நாரால் கட்டி எடுத்துக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார்.

வழக்கு நடந்த காலமெல்லாம் தினமும் ஒரு முழம் மல்லி தருவார். "வைக்க முடி எங்கேக்கா?" என்றால், "கையில சுத்திக்கோ கண்ணு" என்பார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், சாட்சிக் கூண்டில் நின்ற அக்காவிடம், "வெறும் முடிதானே?" என்றார்.

"முடிக்கு வலிக்காதுய்யா. இவ கத்துனது இன்னும் என் காதுல கீது" என்றார் அக்கா.

அவனுக்கு ஒரு வருஷம் சிறை. எங்களுக்கென்று இருக்கும் சட்டத்தில் உச்சமே இரண்டு வருஷம்தான் என்றார் அரசு வக்கீல். ஒரு பின்னல் வளரக்கூட அது போதாதே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கோர்ட் வாசலில் அக்கா என்னைத் திருப்பி நிறுத்தி, தோளைத் தொட்டிருந்த முடியில் மல்லியைச் செருகினார். "பாரு, நிக்குது" என்றார்.

ரயில் நெரிசலில் மாம்பலம் வரும்வரை அந்தப் பூ விழவே இல்லை.