வாங்க என்று கூப்பிட்டது நான்தான்

இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. மருந்து கம்பெனியில் டேட்டா சரிபார்ப்பது என் வேலை. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பாத ஜென்மம் நான். என் கணவர் முகிலன் எனக்கும் மேல். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

போன வருஷம் ஜூலை. நியூஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்து ஒரு வாரம் துபாய் போனோம். நான், முகிலன், நாலு வயசு ரோஷினி. கொதிக்கிற ஜூலையில் துபாய்க்கு யார் போவார்கள்? டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று பார்க்கிற எங்களை மாதிரி ஆட்கள்தான். எனக்கும் ஒரு ப்ரேக் தேவைப்பட்டது. ரோஷினியைப் பார்த்துக்கொண்ட நானி திடீரென்று டெக்ஸாஸ் போய்விட்டார். டேகேரில் வெயிட்லிஸ்ட். "தமிழ் பேசும் நானி தேவை" என்று வாட்ஸப் குரூப்பில் நான் போட்ட மெசேஜுக்கு வந்ததெல்லாம் கும்பிடு இமோஜிகள்தான்.

முதல் நாலு நாள் வானத்தை முட்டும் ஹோட்டல். லிஃப்டில் ஏறினால் காது அடைத்தது. மாலுக்குள் மீன், மாலுக்குள் பனி, காபிக்கு மேலே தங்கத் தூள். முகிலன் ஒன்று விடாமல் வீடியோ எடுத்தார். எனக்கு இரண்டாம் நாளே அலுத்துவிட்டது. கடைசி இரண்டு நாள் பழைய துபாயில்தான் தங்க வேண்டும் என்று அடம்பிடித்து, நான்தான் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன்.

ஊருக்குள் புகுந்து வரும் க்ரீக் என்ற உப்பங்கழியின் ஓரம், மண் நிறச் சுவர்களும் குறுகலான சந்துகளுமாக இருந்தது அந்தப் பகுதி. யாரோ வியாபாரியின் பழைய வீட்டை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கியிருந்தார்கள். நடுவில் முற்றம். எங்கள் அறைக்கு மேலே ஒரு காற்றுக் கோபுரம். ஏசி இல்லாத காலத்தில் மேலே அடிக்கும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்குவதற்காகக் கட்டியதாம். அண்ணாந்து பார்த்தால் சதுரமான இருட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது.

ரோஷினி அதைப் பார்த்து "ஹாய்" என்று கையாட்டினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் உச்சி வேளை. முகிலன் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். சந்தில் ஈ, காக்கை இல்லை. ஐபேட் வேண்டும் என்று ரோஷினி தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டியது.

"பாப்பா ஏன் அழுவுது?"

நிமிர்ந்தேன். வாசலில் ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும். சாயம் போன புடவை, அதற்கு மேல் முழுக்கைச் சட்டை. வீட்டு வேலைக்கு இருப்பவர் என்று நினைத்தேன். அந்தப் பாலைவனத்தில் தமிழைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"தூக்கங்க்கா. அடம் பண்றா."

"நீ செத்த கண்ணசரும்மா. நான் பாத்துக்கறேன்."

முன்பின் தெரியாதவரிடம் குழந்தையை விடுகிற ஆள் இல்லை நான். ஆனால் அவர் தரையில் உட்கார்ந்ததும் ரோஷினி டக்கென்று அழுகையை நிறுத்தி, மடியில் ஏறிக்கொண்டாள். நான் கட்டிலில் சாய்ந்தேன். ஒரு நிமிஷம்தான் கண்ணை மூடினேன் என்று நினைத்தேன்.

முழித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஏசி நின்றுபோயிருந்தது. எனக்கு வியர்த்து ஊற்றியது. அவர் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ரோஷினிக்கு இறுக்கமாக ரெட்டைப் பின்னல் போட்டிருந்தார். சீப்பைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுகிற பெண், அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நம்மவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. யாரைப் பார்த்தாலும் வீட்டுக்கு வாங்க என்போம். வர மாட்டார்கள் என்று தெரிந்துதான் கூப்பிடுவோம்.

"பேசாம எங்ககூட அமெரிக்கா வந்துடுங்களேங்க்கா. இவளப் பாத்துக்க ஆளில்லாம திண்டாடுறோம். பேஸ்மென்ட்ல தனி ரூமே இருக்கு."

அவர் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் கூப்புடுறியா?"

"நெசமாத்தாங்க்கா. வாங்க."

"அப்பறம் போன்னு சொல்ல மாட்டியே?"

"சேச்சே... யாரு சொல்லுவா!"

அவர் ரோஷினியின் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கிளம்பும்போது ரிசப்ஷனில் நவநீத் என்ற பையன் இருந்தான். தமிழ்தான். அந்த அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கேட்டேன்.

"எங்ககிட்ட லேடீஸ் ஸ்டாஃபே இல்லையே மேடம்."

"மத்தியானம் ரூமுக்கு வந்தாங்களே?"

அவன் பாஸ்போர்ட்டுகளை என் பக்கம் நகர்த்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஃப்ளைட்டுக்கு டைம் ஆச்சு மேடம்."

ஊருக்கு வந்தோம். ரோஷினி நல்ல பிள்ளை ஆகிவிட்டாள். தட்டில் போட்ட ரசம் சாதம் காலியாகும். லைட்டை அணைத்தால் தூங்கிவிடுவாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஜாலியாக இருந்தது. சாப்பிடுகிற குழந்தையை எந்த அம்மாவும் கேள்வி கேட்க மாட்டாள்.

செப்டம்பரில் ஒரு காலை. முகிலன் காபியோடு வந்தார்.

"டெய்லி இவ்ளோ அழகா பின்னி விடுறியே, எப்ப டைம் கிடைக்குது?"

"நான் பின்னலையே. நீங்கதானே... யூட்யூப் பாத்து..."

"நானா?"

இருவரும் ரோஷினியைப் பார்த்தோம். ரெட்டைப் பின்னல். இறுக்கமாக.

"ஆன்ட்டி டிட் இட்," என்றாள் அவள். "ஷீ லிவ்ஸ் இன் த பேஸ்மென்ட். அம்மா டோல்ட் ஹெர் டு கம்."

முகிலன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு பேஸ்மென்ட் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. ரோஷினியின் கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கும். யாரோ அப்போதுதான் எழுந்து போன மாதிரி. படுக்கை விரிப்பை உதறினால் மணல். குளிரில் ஜன்னலெல்லாம் பனி படர்ந்திருக்கும், அவள் ரூம் ஜன்னலில் மட்டும் இருக்காது.

பாதிரியாரா, கோயிலா, டாக்டரா என்று முகிலன் குழம்பினார். எனக்குக் கோபம்தான் வந்தது. கூப்பிட்டது நான். அனுப்பவும் நானே அனுப்புகிறேன் என்று நினைத்தேன்.

நவம்பர். ஒரு சனிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணி. ரோஷினியை டைனிங் டேபிளில் முகிலனோடு உட்கார வைத்துவிட்டு, நான் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். காலி அறை. பழைய சூட்கேஸ்கள். ஒரு க்ளாசெட், ஆள் நுழைகிற அளவுக்குக் கதவு வைத்த சுவர் அலமாரி.

"அக்கா..."

என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

"இவ்ளோ நாள் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. நாளையிலேருந்து வேண்டாம். நீங்க போயிடுங்க."

ஹீட்டர் சத்தம் நின்றது... வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பிறகு மேலேயிருந்து முகிலன்.

"தாமரை! ரோஷினி உன்கூடவா இருக்கா?"

ஓடினேன். நாற்காலி காலி. தட்டில் பாதி தோசை.

"ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினேன்... அவ்ளோதான்..." முகிலன் டேபிளுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

முன்கதவு பூட்டியிருந்தது. பின்கதவும்.

மாடி. இல்லை.

கராஜ். இல்லை.

"ரோஷினி! ரோஷினிக் கண்ணு!"

அப்போது கேட்டது.

கீழே...

டக். டக்.

க்ளாசெட்டுக்குள் இருந்து.

கைப்பிடியைத் தொட்டேன். கை பொசுங்கியது. அமெரிக்க வீட்டு க்ளாசெட்டுக்குப் பூட்டே கிடையாது. ஆனாலும் திறக்கவில்லை. முகிலன் தோளால் முட்டினார். அசையவில்லை.

"ரோஷினி! உள்ளயா இருக்க?"

சன்னமாக ஒரு குரல்.

"ஷ்ஷ்... அம்மா, ஆன்ட்டி இஸ் க்ரையிங்."

பிறகு...

"அம்மா... இட்ஸ் ஹாட்."

பிறகு எதுவும் இல்லை.

என் குழந்தை.

உள்ளே.

நான் கதவில் நெற்றியை வைத்தேன். சுட்டது.

"போக வேண்டாங்க்கா! தப்பு எம்மேலதான். நீங்க இருங்க! நீங்களே பாத்துக்கங்க! யாரும் உங்களப் போகச் சொல்ல மாட்டாங்க!"

கதவு தானாகத் திறந்தது.

ரோஷினி ஒரு சூட்கேஸ்மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் செக்கச் செவேல். உதடு வெடித்திருந்தது. உடம்பு முழுக்க வியர்வை. இரண்டு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு என் மேல் சாய்ந்துகொண்டாள். வீட்டு தெர்மோஸ்டாட் அறுபத்தெட்டு ஃபாரன்ஹீட்தான் காட்டியது, நம் ஊர்க் கணக்கில் இருபது டிகிரி. எமர்ஜென்சியில் டாக்டர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். ஹீட் ஸ்ட்ரோக் ஆரம்பம் என்றார். நவம்பரில் எப்படி என்று கேட்டார்.

அன்று இரவு முகிலன் துபாய்க்கு ஃபோன் போட்டார். நவநீத் முதலில் மழுப்பினான். நான் ஃபோனைப் பிடுங்கி அழுததும் சொன்னான்.

"பேரு நாகலக்ஷ்மின்னு சொல்வாங்க மேடம். கடலூர்ப் பக்கம். ரொம்ப வருஷம் முன்னாடி அந்த வீட்டுல வேலைக்கு இருந்தவங்க. அந்த வீட்டுக் குழந்தைய பொறந்ததுலேருந்து வளத்தது அவங்கதானாம். அப்பறம் வீட்டுக்காரங்க புது வில்லாவுக்கு மாறுறதா முடிவாச்சு. புதுசா ஆயா வெச்சுட்டாங்க. இவங்கள ஊருக்கு அனுப்ப டிக்கெட் போட்டுட்டு, நாளையிலேருந்து நீ வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"அப்பறம்?"

"அன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரையும் காணோம். க்ரீக்லல்லாம் தேடியிருக்காங்க. மூணு நாள் கழிச்சுத்தான்... நீங்க தங்கின ரூம்ல ஒரு ஸ்டோர் இருந்துச்சாம். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. ஜூலை மாசம் மேடம். குழந்தை அவங்க மடியில இருந்துச்சாம்."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஒண்ணு சொல்லணும் மேடம். நீங்க போனதுலேருந்து இங்க ஒரு தொந்தரவும் இல்ல."

இப்போது மே மாசம். ரோஷினி நன்றாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். தினமும் காலையில் பின்னலோடுதான் கீழே இறங்கி வருகிறாள். நாங்கள் எதுவும் கேட்பதில்லை.

வரும் செப்டம்பரில் அவளுக்குக் கிண்டர்கார்டன். முழு நாள் ஸ்கூல். ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லி ஸ்கூலில் இருந்து மூன்றாவது தடவையாக ஃபோன் வந்துவிட்டது. பகலில் பாப்பா வீட்டில் இருக்க மாட்டாள் என்பதை பேஸ்மென்ட்டில் இருக்கிற அவரிடம் யார் போய்ச் சொல்வது என்று எனக்கும் முகிலனுக்கும் தெரியவில்லை.