காவல் நிறைய இருந்த உடம்பு

திசுக்களுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. சுபாங் ஜெயாவில் ஒரு பரிசோதனைக்கூடம். நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளியெடுத்த சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, நிறமேற்றிக் கொடுப்போம். யாருடைய சதை என்று யோசித்தால் இந்த வேலையில் சோறு இறங்காது. அக்காவின் சதை வந்த அன்று எனக்கு இறங்கவில்லை.

அவளுக்கு உணவுக்குழாயில் கட்டி. வெளிச்சத்தால் வைத்தியம் செய்யலாம் என்றார்கள். நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது கட்டியில் போய்த் தங்கியதும், குழாய் வழியே சிவப்பு ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்டால் மருந்து விழித்துக்கொண்டு செல்லைக் காயப்படுத்தும். அதன் பிறகு நடப்பதுதான் முக்கியம். செல்லுக்குள் ஒரு காவல் புரதம் உண்டு. காயம் ஆறாது என்று கண்டால் செல்லைச் சாகச் சொல்லி உத்தரவு போடுவது அது. புற்று தலையெடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அதுவேதான்.

நல்ல செல்லில் இந்தப் புரதம் கொஞ்சமாகத்தான் இருக்கும், வேலை முடிந்ததும் கரைந்துவிடும். கெட்டுப்போன புரதம்தான் பெரும்பாலும் கரையாமல் குவியும். புரதம் இருக்கும் இடம் சாயத்தில் பழுப்பாகத் தெரியும். அக்காவின் கண்ணாடித் துண்டு கோப்பி கொட்டியதுபோல் முழுக்கப் பழுப்பாக இருந்தது. கொண்டோ அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாக்கள் கூட்டமாக உட்கார்ந்து தூங்கினால் திருடனுக்கு என்ன பயம்?

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர், “அந்தப் புரோட்டீன் உங்களுக்கு நிறைய இருக்கு” என்று ஆரம்பித்ததுமே அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப நல்லதுதானே டாக்டர்?”

அவர் இழுத்தார். வெளிச்சம் வேறு வழிகளிலும் கட்டியைக் கொல்லும், முயன்று பார்க்கலாம் என்றார். கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் போனில் சொந்தபந்தத்துக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். “எனக்குள்ள காவல் நிறைய இருக்காம்லா.” எனக்கு டாக்டர் மேல் எரிச்சல், அவள் மேலும் எரிச்சல். உண்மையில் அது பயம்.

மருந்து ஏறியது, ஒளியும் பாய்ந்தது. மருந்து தோலிலும் தங்கும் என்பதால் சில வாரங்களுக்கு அவள் மேல் வெயில் படக்கூடாது. கிள்ளான் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினேன். பகலிலேயே விளக்குப் போட்ட அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. அதற்குள் பொங்கல் வந்துவிட்டது.

வருஷா வருஷம் வாசலில் சூரியனைப் பார்த்துப் பானை வைப்பது அக்காதான். இந்த முறை நான் வைத்தேன். பால் பொங்கி வழியும் நேரம், பின்னால் கதவு திறந்தது. அக்கா தலையில் துணிகூட இல்லாமல் வந்து நின்று, முகத்தை நிமிர்த்திக் கையெடுத்துக் கும்பிட்டாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கும்பிட்டு முடித்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

“உனக்குப் பைத்தியமா?” என்று கத்தினேன்.

“காவல்தான் நிறைய இருக்கே” என்றாள்.

சாயங்காலத்துக்குள் முகமும் கைகளும் வீங்கிச் சிவந்தன. சில நாளில் தோல் உரிய ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து களிம்பு தடவினேன். அந்தத் தோலில் காவல் சரியாக இருந்தது. வெயில் காயப்படுத்தியது, உத்தரவு வந்தது, செல்கள் அடங்கிச் செத்தன. நல்லது சொன்ன பேச்சைக் கேட்டுச் சாகிறது. கெட்டதுக்கு யார் சொல்வது?

“உள்ள இருக்கிறதும் இப்படி உரிஞ்சு விழுந்துருமா?” என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “விழாதுன்னுதான் நெனைக்கிறேன்க்கா.”

அவள் அழவில்லை. “டாக்டர் நிறைய இருக்குன்னு சொன்னாருல்ல, அப்பவே ஒன் மூஞ்சியப் பாத்துட்டேன்.”

“தெரிஞ்சுமா வெயில்ல வந்து நின்ன?”

“தெரிஞ்சதாலதான் வந்தேன். அடுத்த பொங்கலுக்கு அந்தச் சூரியன் மட்டும்தான் இருக்கும்லா” என்று சொல்லிவிட்டு, தடவுவதற்கு மறு கையை நீட்டினாள்.