இந்த ரம்பம் எனக்குத்தான்

இங்கே கனடாவில் கடைக்குப் போனால் ஒரு வேடிக்கை. கேள்வி கேட்பது நான்; பதில் போவது என் கணவர் செல்வத்துக்கு. பின்வாசலுக்கு மரப்படி செய்ய மின்ரம்பம் வாங்கப் போயிருந்தோம். பேட்டரி ரம்பம் ஈரப்பலகையில் திணறுமா என்று கேட்டேன். விற்பனையாளர் செல்வத்தைப் பார்த்து, "நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார். சுவரில் ஆணியடிக்கத் தெரியாத செல்வம் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். உடனே பொம்மை மாதிரி ஒரு ரம்பத்தை என் கையில் வைத்து, காது கேளாதவளிடம் பேசுவதுபோல, "லைட்! வெரி லைட்!" என்று கத்தினார் அந்த மனிதர். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ரம்பம் கேட்டு அவமானப்பட்டது இது முதல் தடவையல்ல. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம், பிரசவ வலியெடுத்த அக்காவை ரிஷிவந்தியத்திலிருந்து காரில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் புளியமரத்தை ரம்பத்தால் அறுத்துச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். போட்டவர்கள் வேறு யாருமில்லை, எங்கள் சாதி ஆட்கள்தான்.

"புள்ள வலில துடிச்சிக்கினு கீதுங்க, வழி வுடுங்க," என்று அப்பா கைகூப்பினார்.

"எங்க புள்ளைங்க வேலையில்லாம துடிக்கிறது யாருக்குங்க தெரியுது?" என்றார் மறித்தவர்களில் ஒருவர்.

"அந்த ரம்பத்தக் குடுங்க, நானே அறுக்கறேன்," என்று நான் இறங்கினேன். சிரித்தார்கள். வயல் வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அவர்கள் கேட்டது நியாயம்தான். பின்னால் கிடைத்த அந்த ஒதுக்கீட்டில்தான் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அந்தப் படிப்புதான் என்னை இங்கே கொண்டுவந்தது. யாரைத் திட்டுவது? திட்ட முடியாத கோபம் எத்தனை வருஷமானாலும் ஆறுவதில்லை.

பேட்டரியே வேண்டாமென்று, ஒயர் போட்ட பெரிய ரம்பத்தை நானே எடுத்துக்கொண்டேன். "டேஞ்சர், மேடம்!" என்றார் விற்பனையாளர். "எனக்கா, உனக்கா?" என்று தமிழிலேயே கேட்டேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "வெல்கம்" என்றார்.

மறுநாள் பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற, இவ்ளோ சத்தம்?"

"படி செய்யறேன்க்கா."

"அது கெடக்கட்டும். எப்போ வூட்டுக்கு வருவ?"

"வூட்லதான்க்கா இருக்கேன்."

வாய் தவறி வந்துவிட்டது. பாதி முடிந்த படியில் உட்கார்ந்தேன். ஒரு கால் மண்ணில் இருந்தது. இன்னொன்று எங்கும் எட்டாமல் தொங்கியது.