நாவல் மரத்துக்கு இரண்டு பட்டை

அந்தச் சாலை சரியாக நடுவில் காரணமே இல்லாமல் வளையும். குறுக்கே ஆறு கிடையாது, குன்று கிடையாது. ஒரு காலத்தில் இரண்டு கான்ட்ராக்டர்கள் ஆளுக்கொரு முனையிலிருந்து சாலை போட்டுக்கொண்டு வந்தார்களாம். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் இருபுறமும் புளியமரம் நட்டார் என்பதற்காகவே மற்றவர் வீம்புக்குத் தூங்குமூஞ்சி மரமாக நட்டுத் தள்ளினார். நடுவில் வந்து பார்த்தால் இரண்டு சாலையும் ஒட்டவில்லை. எப்படியோ வளைத்து இணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்த வளைவில், யாரும் நடாமல் தானாக முளைத்தது ஒரு நாவல் மரம்.

இந்த மரங்களுக்கு வெள்ளைப் பட்டை அடிப்பதுதான் ஏணியின் வேலை. பெற்றவள் வைத்த பெயர் வேறு. உயரத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர் இது. "மாப்பிள்ளை தேடி என் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். எல்லாப் பயலும் இவ தோளுக்குக் கீழதான் நிக்கிறான்" என்று அம்மா எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் புலம்புவாள். ஏணி அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். விடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பிவிடுவாள். புளியமரப் பாதி முழுக்க அவள் பொறுப்பு. குனிவதென்றால் அவளுக்கு ஆகாது. நின்ற நிலையில் கை போகிற உயரத்தில் பட்டை அடிப்பாள்.

தூங்குமூஞ்சிப் பாதி முக்காலியின் பொறுப்பு. ஆள் குள்ளம். தாழ்ந்த கிளைகளைக் கழிப்பதற்காக முக்காலி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே திரிவார். அதனால் வந்த பெயர்தான் அது. அவர் அடிக்கும் பட்டை இடுப்பைத் தாண்டாது. பட்டை சட்டென்று கீழே இறங்கினால் பாதி வழி வந்தாயிற்று என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்.

நாவல் மரம் யாருடையது என்பதில்தான் தகராறு. புளியும் இல்லை, தூங்குமூஞ்சியும் இல்லை என்பதால் இருவருமே அதைத் தொடவில்லை. ஆனால் மதியச் சாப்பாடு மட்டும் தினமும் அதன் அடியில்தான்.

"யோவ் முக்காலி, நிழல் உனக்கு, வேலை எனக்கா?"

"அது உங்க பக்கத்து மரம், தாயே. வேரப் பாருங்க, உங்க பக்கம்தான் ஓடுது."

"வேருக்கா பட்டை அடிக்கிறோம்?"

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே அவர் தன் டப்பாவிலிருந்த முட்டையில் பாதியை அவள் பக்கம் தள்ளுவார். அவளும் சண்டையை நிறுத்தாமல் அதைத் தின்று முடிப்பாள்.

ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். "ரெண்டு பாதியையும் ஒண்ணாக்கப் போறாங்க. ஒரு ஆள் போதுமாம். திங்கக்கிழமை வருவேன். இந்த வளைவு மரம் மொட்டையா நிக்குது பாருங்க, இதுக்கு யார் பட்டை அடிச்சிருக்கீங்களோ அவங்க இங்க இருக்கலாம். இன்னொருத்தர் தார் காய்ச்சுற எடத்துக்குப் போகணும்."

ஏணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தச் சாலையை விட்டால் அவளுக்கு வேறு உலகம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வாளியைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு வந்துவிட்டாள். தூரிகையைத் தோய்த்து, தன் உயரத்துக்குக் கையைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. சுண்ணாம்புத் தூள் பறந்தாலே அந்த மனுஷனுக்கு இளைப்பு வந்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். தார்ப் புகையில் எத்தனை நாள் தாங்குவார்?

"சனியன் பிடிச்ச மரம்!" என்று வாய்விட்டுத் திட்டினாள். அவரையும் திட்டினாள். பிறகு குனிந்தாள். ஆயுளில் முதல்முறையாக, முதுகு கெஞ்சக் கெஞ்ச, இடுப்பு உயரத்தில் பட்டை அடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுகை வந்தது. சாலைக்காக மட்டும் அழவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது மேற்பார்வையாளர் மரத்தை முறைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் முக்காலி, உத்தரத்தைப் பார்ப்பதுபோல் கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் இரண்டு பட்டை. கீழே அவள் அடித்தது. மேலே, அவள் கை எட்டும் உயரத்தில், இன்னும் ஈரம் காயாத இன்னொன்று. அடியில் ஈர மண்ணில் மூன்று குழிகள்.

"யார் வேலை இது?"

"அவர்தான் சார்" என்றாள் ஏணி.

"நான் இல்ல சார், அவங்கதான். உயரத்தப் பாருங்க" என்றார் முக்காலி.

"வேலை வேணும்னு அடிச்சுக்கிட்டவங்களப் பாத்திருக்கேன். வேணாம்னு அடிச்சுக்கிறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்று மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வளைவில் பஸ் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார். "சார், இன்னைக்குத்தான் இந்த வளைவு தூரத்துலயே கண்ணுல பட்டுச்சு! எல்லா வளைவுலயும் இதே மாதிரி ரெண்டு பட்டை போடச் சொல்லுங்க!"

மேற்பார்வையாளர் மூன்று குழிகளைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். சிரித்துவிட்டார். வளைவுகளுக்கு இரண்டு பட்டை வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்று அன்றே மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். மேலிடமும் சரி என்றது.

அவர் போனதும் ஏணி கேட்டாள். "கீழ்ப் பட்டையப் பாத்தப்பவே நான்னு தெரிஞ்சதா?"

"என் பட்டை அவ்வளவு கோணலா இருக்காதே" என்றார் முக்காலி. "ராத்திரி பூரா தூக்கமே வரலன்னு விடியறதுக்குள்ள வந்தேன். நீங்க குனிஞ்சிருக்கீங்கன்னு பாத்ததும் எனக்கு முக்காலி மேல ஏறாம இருக்க முடியல."

கல்யாணத்தன்று போட்டோக்காரர் திண்டாடிப்போனார். ஒருவர் முகம் படத்தில் விழுந்தால் மற்றவர் முகம் விழவில்லை. முக்காலி விறுவிறுவென்று போய்ச் சைக்கிளிலிருந்து அந்த முக்காலியை எடுத்துவந்தார். ஏற ஒரு காலையும் தூக்கிவிட்டார். ஏணி அந்த முக்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, தான் உட்கார்ந்துகொண்டாள். "நில்லுய்யா பக்கத்துல."

அம்மா தள்ளி நின்று பார்த்தாள். இரண்டு தலையும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"இது தெரியாம இத்தனை வருஷம் செருப்பத் தேய்ச்சேனே!" என்றாள்.